புக்கிட் கியாரா: பூங்காவுக்குக் கிடைத்த காப்பும் நீண்ட வீட்டு மக்களுக்குக் கிடைக்காத காப்பும்

கோலாலம்பூரின் மேற்கு ஓரத்தில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பு முடிந்து புக்கிட் கியாரா குன்று தொடங்கும் இடத்தில், தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்கா ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. முன்னாள் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அதை ஒட்டிய நீண்ட வீடுகளில் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி 1980களில் தரப்பட்ட வீடுகள் அவை. ஏறக்குறைய 100 குடும்பங்கள், பெரும்பாலோர் தமிழர். 2017ஆம் ஆண்டு ஜூலையில், பூங்காவில் சுமார் 12 ஏக்கர் நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட மேம்பாட்டு ஆணை என்னும் திட்ட அனுமதி வழங்கப்பட்டது. அந்த ஆணை செல்லாது என்று 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்தது.

இந்த வழக்கைத் திட்டமிடல் சட்டம் படிப்போர் பெரும்பாலும் கட்டமைப்புத் திட்டத்தின், அதாவது நகர நிலம் எதற்கு என்று வகுக்கும் ஆவணத்தின், சட்ட வலிமை பற்றிய வழக்காகவே படிக்கிறார்கள். இக்கட்டுரை அதைச் சமூக நலம், சமூக உள்ளடக்கம் ஆகியவற்றின் பக்கத்திலிருந்து ஆராய்கிறது. ஒரே நிலத்துண்டின் மீது இரண்டு நலன்கள் மோதவிடப்பட்டன: ஒரு வட்டாரத்தின் உடல்நலத்துக்குத் தேவையான பசுமை ஒன்று, நாற்பது ஆண்டுகளாக நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்த தொழிலாளர் குடும்பங்களின் குடியிருப்பு உரிமை மற்றொன்று. பூங்கா காப்பாற்றப்பட்டதற்குக் காரணம், அது திட்ட ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. தொழிலாளர் குடும்பங்கள் காத்திருக்க நேர்ந்ததற்குக் காரணம், அவர்களுக்குச் சொல்லப்பட்ட நிரந்தர வீட்டு வாக்குறுதி எந்தத் திட்ட ஆவணத்திலும் எழுதப்படவில்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

தோட்டம் தந்ததும் தோட்டத்தோடு போனதும்

தோட்டப்புற வாழ்க்கையை வறுமையும் கூலியும் என்று மட்டும் பார்த்தால், அது கலைந்தபோது மக்கள் எதையெல்லாம் இழந்தார்கள் என்பது புலப்படாது. லயத்து வீடு வேலையோடு சேர்ந்து வந்தது. விடியுமுன் மரம் சீவப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து கொடுக்கத் தோட்டத்து டிரசர் இருந்தார். தமிழ்ப்பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. திருவிழாவுக்கும் பஞ்சாயத்துக்கும் மாரியம்மன் கோயில் திடல் இருந்தது. வீட்டின் பின்புறம் முருங்கை, கறிவேப்பிலை, கீரைப் பாத்தி, சில வீடுகளில் மாடு. இவற்றின் தரம் உயர்வாக இருந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். தோட்டத்து மருந்தகத்தின் போதாமையைப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். ஆனாலும் இன்றைய திட்டமிடல் அறிஞர்கள் ‘நடைதூரத்தில் அடிப்படைச் சேவைகள்’ என்று எதை வற்புறுத்துகிறார்களோ, அதன் எளிய வடிவம் ஒன்று அங்கே இருந்தது. அதற்கு ஒரு கொடிய நிபந்தனையும் இருந்தது. வேலை போனால் அத்தனையும் ஒரே நாளில் போய்விடும்.

நாடு முழுவதும் அப்படித்தான் போயிற்று. 1980க்கும் 2000க்கும் இடையில் ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் மாறியபோது வெளியேற்றப்பட்ட இந்தியத் தொழிலாளர் தொகை மூன்று லட்சம் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. கோலாலம்பூரும் சுற்று நகரங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த மாற்றம் இன்னும் விரைவாக நடந்தது. நகரம் தோட்டத்தைத் தேடி வந்து அதன்மீதே எழுந்தது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலே தோட்ட நிலத்தில் 1970களில் உருவான குடியிருப்புதான். அங்கு வீடு வாங்கியவர்களும், மரம் சீவிய இடத்தின் ஓரத்திலேயே ஒதுக்கப்பட்டவர்களும் அடுத்தடுத்த தெருவில் இரு வேறு நகரங்களில் வாழத் தொடங்கினார்கள்.

ரூமா பாஞ்சாங் என்று மலாயில் அழைக்கப்படும் நீண்ட வீடு, ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட வீடுகளைக் கொண்டது. சில ஆண்டுகளுக்கு என்று கட்டப்பட்டது. பலகைச் சுவரும் தகரக் கூரையும் பகல் வெயிலை வீட்டுக்குள் இறக்கும். கனமழைக்குப் பின் சுவர் ஈரம் காய நாளாகும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கும் இரத்த அழுத்தம் உள்ள முதியவருக்கும் இவை சிறு தொல்லைகள் அல்ல. கோலாலம்பூரில் டெங்கி ஓயாமல் வருவது; பழைய கூரைத் தகட்டிலும் அடைபட்ட வடிகாலிலும் தேங்கும் நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றையெல்லாம்விட ஆழமான கேடு ‘தற்காலிகம்’ என்ற நிலையிலேயே இருக்கிறது. நாளை இடிக்கப்படும் என்று சொல்லப்பட்ட வீட்டில் குளியலறைக்கு ஓடு பதிக்கவோ, வழுக்கி விழும் தாத்தாவுக்காகக் கைப்பிடிக் குழாய் பொருத்தவோ யாரும் துணிந்து பணம் போடமாட்டார்கள். அந்த ‘நாளை’ நாற்பது ஆண்டுகளுக்கு நீண்டது. வாலிபத்தில் வந்து குடியேறியவர்கள் பேரப்பிள்ளைகளை எடுத்த பிறகும் அதே கூரையின்கீழ் இருந்தார்கள். வாக்குறுதியைக் கேட்டவர்களில் பலர் அது நிறைவேறுவதைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

பூங்கா ஏன் சுகாதார வசதி

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய்ப்பாங்கு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உள்ளவர்கள். இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது மூவரில் ஒருவர் என்னும் அளவு. அதே ஆய்வு, பெரியவர்களில் நால்வருக்கு ஒருவர் போதிய உடலியக்கம் இல்லாதவர் என்றும் காட்டியது. இந்த எண்களைச் சாப்பாட்டுப் பழக்கத்தின்மீது மட்டும் சுமத்தி, ‘சோற்றைக் குறையுங்கள், ரொட்டி சானாயை விடுங்கள்’ என்று அறிவுரை சொல்லி முடிப்பது நம் சமூகத்தில் வழக்கமாகிவிட்டது. அந்த அறிவுரையில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு வேலை பார்க்கும் குடும்பத் தலைவிக்கு, காசு கொடுக்காமல், பயமில்லாமல், நிழலில் அரைமணி நேரம் நடக்க ஓர் இடம் இருக்கிறதா என்ற கேள்வியை அது கேட்பதில்லை. மருத்துவர் ‘தினமும் நடங்கள்’ என்று சீட்டில் எழுதலாம். நடைபாதையை எழுதித்தர அவரால் முடியாது. அது திட்டமிடுவோர் கையில் இருக்கிறது.

தாமான் ரிம்பா கியாராவை விடுமுறை நாள் காலையில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஓடையை ஒட்டிய மரநிழலில் முதியவர்கள் மெதுவாக நடக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள் நின்று நின்று போகிறார்கள். மேலே குன்றுப் பாதையில் மிதிவண்டிக்காரர்கள் சேறு பூசிய சக்கரங்களோடு இறங்கி வருகிறார்கள். மலாயும் சீனமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே நேரத்தில் காதில் விழுகின்றன. அறிமுகமில்லாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைக்கிறார்கள். நுழைவுக்கட்டணம் இல்லாத இத்தகைய இடங்கள் இந்த நகரில் குறைந்துகொண்டே போகின்றன. பேரங்காடிக்குள் நுழையக் கட்டணம் இல்லையென்றாலும், அங்கே பணமில்லாதவர் நெடுநேரம் உட்கார்ந்திருக்க முடியாது. மலேசியத் திட்டமிடலில் பொதுத் திறந்தவெளிக்குச் சொல்லப்படும் அளவுகோல் ஆயிரம் பேருக்கு 2 ஹெக்டர், அதாவது ஒருவருக்கு 20 சதுர மீட்டர். ஏறக்குறைய 20 லட்சம் பேர் வாழும் கோலாலம்பூருக்கு அந்த அளவை எட்ட ஒவ்வோர் ஏக்கரும் தேவைப்படுகிறது. நீண்ட வீடுகளுக்கு மிக அருகில் உள்ள திறந்தவெளியும் இந்தப் பூங்காதான் என்பதை மறந்துவிடக்கூடாது. அதன்மீது கட்டியிருந்தால் அவர்களும் இழந்திருப்பார்கள்.

பேரம் அமைந்த விதம்

பூங்காவில் திட்டத்துக்குரிய நிலம் ஓர் அறவாரியத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது. அறவாரியம் ஒரு தனியார் மேம்பாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. 42 முதல் 54 மாடி வரையிலான எட்டுத் தொகுதிகளில் 1,766 சொகுசு அடுக்குமாடி வீடுகளும், 29 மாடிகொண்ட ஒரு தொகுதியில் 350 கட்டுப்படி விலை வீடுகளும் கட்டுவது திட்டம். நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கு அந்தக் கட்டுப்படி விலைத் தொகுதியில் இடம் தரப்படும் என்பதே திட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

100 குடும்பங்களுக்கு வீடு கொடுக்க இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஏன் தேவை என்ற கேள்விக்கு, செலவை ஈடுகட்டுவதற்கு என்ற பதில் வந்தது. அரசாங்கத்துக்கு நாற்பது ஆண்டுகளாக இருந்த கடமை, இந்த ஏற்பாட்டில், தனியார் இலாபத்திலிருந்து ஈடேற்றப்பட வேண்டிய செலவினமாக மாறிவிட்டது. கடமையை இப்படி மாற்றியவுடன் ஏழைகளின் வீடும் நகரத்தின் பூங்காவும் ஒன்றுக்கொன்று விலையாகிவிட்டன. திட்டத்தை எதிர்ப்பவர் ஏழைக்கு வீடு கிடைப்பதை எதிர்ப்பவர் போலத் தோன்றினார். வீட்டைக் கேட்பவர் பூங்காவை அழிக்கத் துணைபோகிறவர் போலத் தோன்றினார். வசதி படைத்த தாமான் துன்காரர்கள் ஒரு பக்கம், ஏழைத் தமிழர்கள் மறுபக்கம் என்று பேசப்பட்டபோது ஏற்பட்ட காயம் சிறியதன்று. பூங்காவைக் காக்கப் போராடிய குடியிருப்பாளர்கள், நீண்ட வீட்டு மக்களுக்கு அவர்கள் வாழும் அதே இடத்தில் நிரந்தர வீடு கட்டித்தர வேண்டும் என்பதை ஆதரிப்பதாகத் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். இரண்டையும் சேர்த்தே செய்ய இடம் இருந்தது. அப்படி ஒரு தெரிவை மக்கள்முன் வைக்கத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்காக அந்தத் திட்டத்தை ஏற்கத் தயாராக இருந்த நீண்ட வீட்டுக்காரர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றுமே கிடைக்காத நெடுங்காலத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒரு வரைபடத்தில் தங்கள் வீடு இருப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

நீதிமன்றம் சொன்னது

வட்டாரக் குடியிருப்பாளர்களும் சில அடுக்குமாடி நிர்வாகக் கழகங்களும் 2017இல் வழக்குத் தொடுத்தனர். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 2021 ஜனவரி 27ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி மேம்பாட்டு ஆணையை ரத்து செய்தது. கூட்டரசு நீதிமன்றம் 2023இல் அதை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

கோலாலம்பூருக்கென்று தனிச் சட்டம் உண்டு: 1982ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேச (திட்டமிடல்) சட்டம். தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களுக்குரிய 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இங்கே பொருந்தாது. இந்தத் தனிச் சட்டத்தின்கீழ் 2004இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020, தாமான் ரிம்பா கியாராவைப் பொதுத் திறந்தவெளியாக, நகரப் பூங்காவாகக் குறித்திருந்தது. அதை நுணுக்கமாக வகுக்க வேண்டிய உள்ளூர்த் திட்டத்தின் வரைவு 2008இல் மக்கள் பார்வைக்கு வந்தபோதும், 2018 வரை அது அரசிதழ் ஏறவில்லை. மேம்பாட்டு ஆணை 2017இல் பிறந்தது இந்தப் பத்தாண்டு இடைவெளியில்தான்.

கட்டமைப்புத் திட்டம் வெறும் கொள்கை வழிகாட்டி, மாநகரத் தலைவரான டத்தோ பண்டார் விரும்பினால் விலகலாம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். தகுந்த காரணம் இன்றி அதிலிருந்து விலக முடியாது. விலகினால் காரணத்தைச் சொல்ல வேண்டும். டத்தோ பண்டாரே அந்த அறவாரியத்தின் அறங்காவலராகவும் இருந்தது நலன் முரண்பாடு. பாதிக்கப்படும் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களுக்குத் தங்கள் கருத்தைச் சொல்லும் உரிமை உண்டு. சாரம் இவ்வளவே. இதன் பயன் இந்த ஒரு பூங்காவோடு முடிந்துவிடவில்லை. கோலாலம்பூரில் திறந்தவெளி என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு திடலுக்கும், மக்கள் அதிகாரியிடம் ‘ஏன்’ என்று கேட்கும்போது சட்டம் பக்கத்தில் நிற்கும் நிலையை இது உண்டாக்கியது. நகரசபைத் தேர்தல் இல்லாத, மாநகரத் தலைவரை நியமனத்தால் பெறும் ஒரு நகரில் இதன் எடை மிகப் பெரிது.

ஆனால் நீதிமன்றத்தால் இருக்கும் திட்டத்தைத்தான் காக்க முடியும். இல்லாத வரியை எழுதித்தர முடியாது. ‘முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, அவர்கள் வாழும் வட்டாரத்திலேயே, இந்த ஆண்டுக்குள், இத்தனை நிரந்தர வீடுகள்’ என்று கட்டமைப்புத் திட்டத்தில் ஒரு கொள்கை இருந்திருந்தால், அதை நிறைவேற்றாத அதிகாரியையும் இதே நீதிமன்றத்தின்முன் நிறுத்தியிருக்கலாம். அவர்களிடம் இருந்தவை கூட்டங்களில் பேசப்பட்ட சொற்களும் அமைச்சர்கள் மாறும்போது மாறும் உறுதிமொழிகளும்தாம். நடுத்தர வர்க்கத்தினருக்குத் திட்ட ஆவணத்தைப் படித்து, அதைச் சட்டமாக மாற்றிக்கொள்ள வழக்கறிஞரும் நேரமும் இருந்தன. தோட்டத்துப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்துவிட்டுப் பால்வாளி தூக்கப் போனவர்கள் திட்டக் கண்காட்சிக்குப் போய், மலாயில் தடித்த தொகுதிகளாக வைக்கப்பட்டிருக்கும் வரைவைப் புரட்டி, விதிப்படி ஆட்சேபம் எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்த்த ஏற்பாடே அவர்களை வெளியே நிறுத்திவிட்டது.

வீடு கொடுத்தால் போதுமா

நிரந்தர வீடு என்றதும் அதிகாரிகள் மனத்தில் முதலில் வருவது மக்கள் வீடமைப்புத் திட்டம், அதாவது பிபிஆர் அடுக்குமாடி. மாநகர் மன்றத்தின் பிபிஆர் வீடுகளுக்கு மாத வாடகை 124 ரிங்கிட். மூன்று அறை, சுமார் 700 சதுர அடி. புறம்போக்குக் குடிசைகளிலிருந்து வந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது தலைக்குமேல் உறுதியான கூரையைத் தந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் யுனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா ஆகிய இடங்களில் 17 மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பார்த்தபோது கண்டது வேறு. அங்கு வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். அதே குடியிருப்புகளில் உடல்பருமன் உள்ள பிள்ளைகளும் மிகுதி. நாட்டின் தலைநகரில், மருத்துவமனைகளும் பேரங்காடிகளும் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்க, இந்த நிலை. சிமெண்டுச் சுவர் மட்டும் உடல்நலத்தைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சூழலைக் கிட்டச்சென்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அவருக்குப் பதினான்காவது மாடியில் வீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிஃப்ட் பழுதானால், போகும்போது மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குவார்கள். சிகிச்சை முடிந்து உடல் துவண்டு திரும்பும்போது அதே நாற்காலியில் பதினான்கு மாடி ஏற்ற வேண்டும். மகனோ அதற்குள் மாலைநேர வேலைக்குப் போயிருப்பான். அந்த மாதிரி நாள்களில் ஒரு முறை தவிர்த்துவிடலாம் என்று நோயாளியே சொல்லத் தொடங்குகிறார். மருத்துவப் பதிவேட்டில் அது ‘நோயாளி வரவில்லை’ என்று மட்டுமே பதிவாகும். அந்த வராமையின் காரணம் வீட்டு ஒதுக்கீட்டுப் பிரிவிலும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் இருக்கிறது. சுகாதாரத் துறையும் வீடமைப்புத் துறையும் ஒரே மேசையில் உட்காராதவரை இதை யாரும் சரிசெய்யப் போவதில்லை. ஒதுக்கீட்டுக்கு முன்பே குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், யாரால் படியேற முடியாது என்று கேட்டுக் கீழ்மாடிகளை அவர்களுக்கு வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

புக்கிட் கியாராவில் கட்டப்படும் வீடு உயரமான ஒற்றைத் தொகுதியாக வேண்டியதில்லை என்பது இதனால் தெளிவாகிறது. 100 குடும்பங்கள் என்பது சிறிய எண்ணிக்கை. நாற்பதாண்டு அண்டை வீட்டு உறவு அவர்களிடம் மிச்சமிருக்கும் பெரிய சொத்து. யார் வீட்டுப் பாட்டிக்கு எப்போது மாத்திரை, எந்தப் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பி யார் வீட்டில் இருக்கும் என்பது அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும். தாழ்ந்த கட்டடத்தில், வாசல் வாசலைப் பார்க்கும்படி, பூங்காவுக்குப் படியில்லாமல் இறங்கிப் போகும்படி வீடு அமைத்தால் அந்த உறவு தொடரும். குலுக்கல்முறையில் பல மாடிகளுக்குப் பிரித்துப்போட்டால் சில மாதங்களில் அது கலைந்துவிடும். கலைந்ததை மீண்டும் உண்டாக்க எந்தச் சமூகநல இலாகாவிடமும் திட்டம் கிடையாது.

கேட்கும் முறை

மக்களைக் கேட்டுத் திட்டமிடுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்களுக்குப் பினாங்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் தீவு, செபராங் பிறை ஊராட்சி மன்றங்களும் சேர்ந்து 2012இல் பாலினப் பொறுப்புள்ள பங்கேற்பு வரவுசெலவுத் திட்டம் என்னும் முயற்சியைத் தொடங்கின. ஜாலான் சுங்கை, அம்பாங்கான் ஆகிய பிபிஆர் குடியிருப்புகள் முதல் களங்கள். யார் யார் வாழ்கிறார்கள் என்று முதலில் கணக்கெடுத்தார்கள். பிறகு ஆண், பெண், இளையோர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனிக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். அதன்பின் குடியிருப்பாளர் கையில் காகிதப் பணத்தைக் கொடுத்து, எந்தத் தேவைக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று பிரித்துப் போடச் சொன்னார்கள்.

தனித்தனியாக உட்காரவைப்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. பொதுக்கூட்டம் என்று போட்டால் நம்மூரில் யார் பேசுவார்கள் என்பது தெரிந்ததே: சங்கத் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் மருமகளுக்கும், சக்கர நாற்காலியில் வந்து வாசலருகே நிறுத்தப்பட்டவருக்கும் ஒலிவாங்கி போய்ச் சேருவதில்லை. பெண்கள் மட்டும் உட்கார்ந்தால் இருட்டான மாடிப்படி பேச்சுக்கு வரும், துணி உலர்த்தும் இடம் வரும், குடித்துவிட்டு வருபவரைப் பற்றிய பயமும் வரும். கோலாலம்பூர் திட்ட விசாரணைகள் இந்த முறையை எடுத்துக்கொண்டு, கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ, மாலை நேரத்தில், தமிழில், வரைபடத்தைத் தரையில் விரித்து நடந்தால் கிடைக்கும் ஆட்சேபங்களின் தன்மையே மாறிவிடும்.

திட்டத்தில் எழுதப்பட வேண்டியது

கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2040, 2023இல் அரசிதழில் வெளியானது. அதன் உள்ளூர்த் திட்டம் 2025இல் வந்தது. ‘அனைவருக்குமான நகரம்’ என்பது தொலைநோக்கு. ஆறு இலக்குகளில் ஒன்று உள்ளடக்கிய, சமத்துவமான நகரம். இன்னொன்று ஆரோக்கியமும் துடிப்பும் மிக்க நகரம். இலக்குகளின் நேர்மையை நான் ஐயுறவில்லை. தாமான் ரிம்பா கியாராத் தீர்ப்புக்குப் பிறகு இந்தச் சொற்களுக்கு முன்பு இல்லாத வலிமை வந்திருக்கிறது. ஏனெனில் கட்டமைப்புத் திட்டத்தில் எழுதப்பட்டது அதிகாரியைக் கட்டும். ஆகவே ‘உள்ளடக்கம்’ என்ற பொதுச்சொல்லை, நீதிபதி படித்து ‘இது செய்யப்பட்டதா இல்லையா’ என்று முடிவு சொல்லக்கூடிய வாசகமாக மாற்றுவதே இப்போதைய வேலை.

பூங்கா நிலம் பூங்காவாகவே இருக்கும் என்று எழுதப்படுவதைப் போலவே, நீண்ட வீடுகள் நிற்கும் நிலம் அங்கே வாழும் குடும்பங்களின் வீடமைப்புக்கு என்று தனிப்பட ஒதுக்கி எழுதப்பட வேண்டும். அந்த வீட்டின் செலவு அரசாங்க ஒதுக்கீட்டிலிருந்து வரும், பக்கத்து நிலத்தின் விற்பனையிலிருந்து வராது என்பதும் அதில் இருக்க வேண்டும். கோலாலம்பூரின் மற்ற முன்னாள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் இதே விதி. நகருக்குள் தற்காலிகக் குடியிருப்பு என்று எவையெல்லாம் இருக்கின்றனவோ, அவற்றின் பட்டியலும், ஒவ்வொன்றும் எந்த ஆண்டுக்குள் முடிவுக்கு வரும் என்ற தேதியும் திட்டத்தின் இணைப்பாக வெளியிடப்பட வேண்டும். தேதி இல்லாத தற்காலிகம் என்ன செய்யும் என்பதற்கு புக்கிட் கியாராவே சாட்சி.

இன்னொரு செய்தி நகர எல்லையைப் பற்றியது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலுக்கு அப்பால் பெட்டாலிங் ஜெயா, அது சிலாங்கூர். அங்கே திட்டமிடல் சட்டம் வேறு, ஊராட்சி மன்றம் வேறு. கோலாலம்பூரில் வீடிழந்து சிலாங்கூரில் மலிவான வாடகை தேடிப் போகும் குடும்பம், ஒரு மன்றத்தின் காத்திருப்போர் பட்டியலிலிருந்து விழுந்து இன்னொன்றின் பட்டியலில் கடைசியாக நிற்கிறது. அதன் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி மாறுகிறார்கள். நீரிழிவு நோயாளி ஒரு சுகாதார கிளினிக்கில் தொடங்கிய சிகிச்சையை இன்னொன்றில் புதிதாகத் தொடங்குகிறார். கிளினிக்கில் பதிவுக்கு ஒரு ரிங்கிட்தான் என்பது உண்மை. அங்கே போய்ச் சேர இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தால் அரைநாள் சம்பளம் போய்விடும். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதற்குமான ஒரே வீடமைப்புப் பதிவேடு, அதில் குடும்பத்தின் காத்திருப்புக் காலம் எல்லை தாண்டினாலும் அழியாமல் தொடர்தல், இடம்பெயரும் குடும்பத்தின் மருத்துவக் குறிப்பு புதிய கிளினிக்குக்கு முன்கூட்டியே போய்ச்சேர்தல் ஆகிய மூன்றும் வட்டாரத் திட்டமிடலின் கடமைகளாக எழுதப்பட வேண்டும். இரயிலையும் நெடுஞ்சாலையையும் எல்லை பார்க்காமல் திட்டமிடும் நிர்வாகத்துக்கு இது இயலாத காரியம் அன்று. காஜாங்வரை செல்லும் எம்ஆர்டி நகர இரயில் தாமான் துன்னில் நிற்கிறது. அதன் தடம் சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே தடையின்றி ஓடுகிறது.

வீடு கட்டி முடிந்து சாவி கைமாறிய பிறகும் வேலை இருக்கிறது. குடியேறிய ஓராண்டு, மூன்றாண்டுக்குப் பின் அதே குடும்பங்களிடம் திரும்பச் சென்று, நடக்கப் போகிறார்களா, கிளினிக்குத் தவணையைத் தவறவிடாமல் இருக்கிறார்களா, பிள்ளைகள் உயரமும் எடையும் கூடியிருக்கிறார்களா, பழைய அண்டை வீட்டார் இன்னும் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டு, விடைகளைத் திட்ட மறுஆய்வின்போது வீட்டு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். அந்தக் கேள்வித்தாளைத் தயாரிக்கும் பொறுப்பு மாநகர் மன்றத்துக்கும் சுகாதார அமைச்சுக்கும் கூட்டாக இருக்க வேண்டும். கேட்கப் போகிறவர்களில் தமிழ் பேசுபவர் ஒருவராவது இருக்க வேண்டும்.